மண்டபத்து வாசலில் நகராத கார்

அப்பு,

வேலையை ஓரமாக வைத்துவிட்டு இதைப் படி. காகிதத்தில் எழுதி, உன் அம்மாவிடம் கொடுத்து, போனில் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும், உனக்கே தெரியும். புரியாத இடத்தில் நின்று நிதானமாகப் படி, தாண்டிப் போய்விடாதே. போனில் பேசியே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் "உன் மாமனார்" என்று வாயைத் திறந்தாலே, "சரிப்பா, மீட்டிங் இருக்கு, வைக்கிறேன்" என்கிறாய். செத்துப்போன மனிதரைப் பற்றிப் பேசக்கூட உனக்கு நேரமில்லை. விஷயம் இதுதான். உன் பெண்டாட்டி பவித்ராவின் அப்பா வேலுச்சாமி உன்னை ஏமாற்றவில்லை. கல்யாணத்தன்று மண்டபத்து வாசலில் அந்தக் கார் நகராமல் நின்றது, நகரக்கூடாது என்று நான் அடியில் ஒரு ராடைக் கழற்றி விட்டிருந்ததால்தான். அது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் அத்தனை பேர் முன்னால் உன் வாயால் திட்டு வாங்கிக்கொண்டு நின்றார். இன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் நீ இதைப் பவித்ராவிடம் சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன்னால் நடந்தது முழுவதும் உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நீ கார் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். கேட்காத மாதிரி கேட்டாய். காதல் கல்யாணம். இரண்டு வீட்டிலும் முனகிக்கொண்டேதான் சரி என்றார்கள். நெய்க்காரப்பட்டியில் அவருடைய சொந்தக்காரர்கள், "திண்டுக்கல்லுல எவனோ மெக்கானிக் மகனாமா" என்று அவர் காதுபடவே பேசியிருக்கிறார்கள். அதையெல்லாம் முழுங்கிக்கொண்டுதான், பெண் பேசப் போன நம்மை அவர் கூடத்தில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார். நீ அந்தக் காபியைக் குடித்துக்கொண்டே, "பவித்ராவோட மாமா பொண்ணு கல்யாணத்துல மண்டபத்து வாசல்ல கார் நிறுத்தியிருந்தாங்களாம்ல? போட்டோ பாத்தேன், நல்லா இருந்துச்சு" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். அவர் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் உன்னை ஏசினேன். "ஏலே, என்னடா பேச்சு இது? நீ பாக்காத காராடா? நம்ம ஒர்க் ஷாப் பூரா கார்தானே கிடக்கு?" என்றேன். "அய்யோ அப்பா, நான் சும்மா சொன்னேன்" என்றாய். அவர் அதைச் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை. புது வண்டிக்கு அவரிடம் வசதி இல்லை. பழைய வண்டியாவது நல்லதாக ஒன்று பார்த்து நிறுத்திவிட வேண்டும் என்று இறங்கிவிட்டார்.

இங்கேதான் தப்பு நடந்தது. பழைய கார் வாங்கப் போகிற மனிதருக்குச் சம்பந்தியே மெக்கானிக். ஒரு போன் போட்டு "வந்து பாருங்க" என்றிருந்தால், ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் படுத்துப் பார்த்து, அங்கேயே சொல்லியிருப்பேன். அவர் கூப்பிடவில்லை. கொடுக்கிற சீரை, வாங்குகிற வீட்டுக்காரனையே கூட்டிக்கொண்டு போய்த் தரம் பார்க்கச் சொல்வது முறையில்லை என்று நினைத்தார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அதனால் தன் மனைவியின் தம்பி குணசேகரனிடம் போனார். குணா பழனியில் பழைய வண்டி வாங்கி விற்கிற புரோக்கர். பவித்ராவுக்குத் தாய்மாமன். சொந்த அக்கா மகள் ஏறப்போகிற வண்டியில் அவன் விளையாடுவானா? விளையாட மாட்டான் என்று நம்பித்தான் கையில் இருந்ததையெல்லாம் போட்டு அந்தக் காரை வாங்கினார். வாங்கிப் பெயர் மாற்றி முடித்த பிறகுதான் எனக்குப் போன் வந்தது. "வண்டி வாங்கிட்டேனுங்க சம்பந்தி. கல்யாணத்துக்கு முன்னாடி ஒருக்கா பாத்து, புதுசாட்டம் ஆக்கிக் குடுத்துருங்க" என்றார். குரலில் அம்புட்டுப் பெருமை.

குணாவே ஓட்டிக்கொண்டு வந்து பழனி ரோட்டில் நம் ஒர்க் ஷாப் வாசலில் நிறுத்தினான். வெள்ளைக் கார், டீசல், வயதானதுதான், ஆனாலும் பளபளவென்று இருந்தது. "ஒரே ஓனருங்கண்ணா, டாக்டர் ஒருத்தரு வெச்சிருந்த வண்டி" என்றான். பழைய வண்டி விற்கிறவர்களுக்கெல்லாம் எங்கிருந்துதான் இத்தனை டாக்டர்கள் கிடைக்கிறார்களோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவனை அனுப்பிவிட்டுப் பானட்டைத் திறந்தேன். ஆயில் தாராகக் கிடந்தது, பெல்ட்டில் வெடிப்பு, ரேடியேட்டரில் துருத் தண்ணீர். மற்றபடி எஞ்சின் நல்ல எஞ்சின். காதை வைத்துக் கேட்டேன், ஒரு தட்டல் இல்லை. எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. ஆயிலை மாற்றினேன், பெல்ட்டை மாற்றினேன், பிரேக்கைச் சக்கரம் சக்கரமாகப் பிரித்துக் கழுவினேன், முன்பக்கத்து ரப்பர் புஷ்களை எல்லாம் புதிதாக அடித்தேன். ஒவ்வொரு நட்டை இறுக்கும்போதும் நீயும் பவித்ராவும் அதில் போகிற மாதிரி நினைத்துக்கொண்டேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன், பின் சீட்டில் ஒரு குழந்தை உட்கார்ந்து ஜன்னலைப் பிசுக்கு ஆக்கும் என்றுகூட நினைத்தேன். இத்தனை வருஷ வேலையில் வேறு எந்த வண்டிக்கும் நான் அப்படி உழைத்ததில்லை.

வேலை முடிந்து வத்தலக்குண்டு ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். ஸ்டீயரிங்கை விட்டால் ஒரு பக்கமாக இழுத்தது. அலைன்மென்ட் பார்த்தேன், சரியாகவில்லை. டயரை மாற்றிப் போட்டேன், சரியாகவில்லை. சந்தேகம் வந்து, ஒர்க் ஷாப் பின்னால் மண்ணில் தண்ணீர் ஊற்றி அதன்மேல் நேராக ஓட்டிவிட்டு இறங்கித் தடத்தைப் பார்த்தேன். முன் சக்கரம் போன தடத்தில் பின் சக்கரம் வரவில்லை, ஒதுங்கி வந்திருந்தது. சீட்டுகளைக் கழற்றிக் கார்ப்பெட்டை உரித்தேன். முன் சீட்டுக்கு அடியில், தரைத் தகட்டின் குறுக்கே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே வெல்டிங். அதை மறைத்துக் கறுப்புப் பூச்சு. கதவுக்கு நடுவில் கூரையைத் தாங்குகிற சென்டர் பில்லரில் காந்தத்தை வைத்தேன், ஒட்டாமல் கீழே விழுந்தது. இரும்பு இருக்க வேண்டிய இடத்தில், பெயின்ட்டுக்கு முன்னால் பள்ளம் அடைக்கப் பூசுகிற பட்டியை அப்பி வைத்திருக்கிறார்கள். பெயின்ட்டைச் சுரண்டினேன். முன்பக்கத்தில் அடியிலும் வெள்ளை. பின்பக்கத்தில் அடியில் நீலம். பின்னால் அடிபட்ட ஒரு வெள்ளைக் காரின் முன் பாதியையும், முன்னால் அடிபட்ட ஒரு நீலக் காரின் பின் பாதியையும் வெட்டி எடுத்து, நடுவில் ஒட்டி, ஒரு காராக்கி விற்றிருக்கிறார்கள். வெல்டிங்கில் ஒரு பக்கம் அப்போதே விரிசல் விட்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இதைச் சரிசெய்ய முடியாதா என்று நீ கேட்பாய். நானும் என்னையே கேட்டேன். எஞ்சின் போனால் இறக்கி ஏற்றலாம், கியர்பாக்ஸ் போனால் மாற்றலாம், வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக்கூடக் காயவைத்து ஓட வைத்திருக்கிறேன். எந்த வண்டியையும் தூக்கிப் போடு என்று நான் லேசில் சொல்கிறவன் இல்லை. ஆனால் உடம்பே இரண்டாக இருக்கிற வண்டிக்கு நான் என்ன செய்வது? மேலே தகடு வைத்து இன்னொரு வெல்டிங் ஓட்டலாம். பார்க்கப் பலமாகத்தான் தெரியும். ஒருநாள் நாலுவழிச் சாலையில் போகும்போது பின்னால் ஒரு லாரி லேசாக முட்டினால் போதும், நடுவில் பிளந்துவிடும். உள்ளே இருப்பது என் மகனும் மருமகளும். அன்றைக்கே வேலுச்சாமிக்குப் போன் போட்டேன். ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளி இறக்கிக்கொண்டிருந்தவர், என் குரலைக் கேட்டுவிட்டு இறக்கியதும் இறக்காததுமாகப் பஸ் ஏறி வந்தார்.

வாயால் சொன்னால் நம்ப மாட்டார் என்று நினைத்துக் காட்டலாம் என்றேன். அந்த மனிதர் வெள்ளை வேட்டியோடு என் பக்கத்தில் தரையில் படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்தார். டார்ச்சை அடித்துக் காட்டினேன். விரலை அந்த வெல்டிங் மேலேயே வைத்துக் கொஞ்ச தூரம் தடவிப் பார்த்தார். "இதென்னுங்க சம்பந்தி, தையல் போட்டாப்புல இருக்குதுங்க?" என்றார். "இது ரெண்டு வண்டி சம்பந்தி. வெட்டி ஒட்டியிருக்கானுங்க" என்றேன். விரலை எடுத்துக்கொண்டார். பிறகு, "இன்னொருக்கா வெல்டிங் வெச்சா நிக்காதுங்களா?" என்று கேட்டார். "நிக்கும். ஓட்டாம நிறுத்தி வச்சிருக்க வரைக்கும் நிக்கும். ஓட்டுனா ஒருநா இல்ல ஒருநா பிரிஞ்சிரும். உள்ள இருக்கவுங்க மிஞ்ச மாட்டாங்க" என்றேன். கொஞ்சம் நயமாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த மாதிரி பேச வராது. வெளியே வந்து எழுந்து நின்றவரின் முதுகு முழுக்க ஆயில் கறை. தட்டிவிடக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"குணாவ இப்பவே கூப்பிட்டு நாக்கப் புடுங்குற மாதிரி நாலு கேள்வி கேக்குறேன்" என்று போனை எடுத்தேன். சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாமுங்க. அவன் தாய்மாமனுங்க. அவன் மாலை போட்டாத்தான் என்ற அம்மிணி மணவறை ஏறோணும். இப்பக் கேட்டா வீம்புக்கு வராம நின்னுக்குவான். என்ற சம்சாரத்துக்குப் பொறந்த ஊடுன்னு இருக்கறது அவன் ஒருத்தந்தானுங்க. ஏற்கெனவே சாதிசனம் வாயத் தொறந்துக்கிட்டு நிக்குது. கல்யாணம் நின்னு போயிருமுங்க" என்றார். "அதுக்காக இந்த வண்டிய எம்மகன்கிட்டக் குடுக்கச் சொல்றீங்களா?" என்று கத்தினேன். "ஐயோ, குடுக்க வேண்டாமுங்க! வாசல்ல நின்னாப் போதும். ஒரு நாளைக்கு நிக்கட்டும், எல்லாரும் பாத்துப்போட்டுப் போகட்டும். அப்பறம் நீங்களே கொண்டாந்து ஒடச்சுப் போட்டுருங்க. கொஞ்ச நாள் கழிச்சு நான் வேற வண்டி வாங்கித் தாரனுங்க" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை. நான் சரி என்றேன். இந்த விஷயம் நம் இரண்டு பேரைத் தாண்டிப் போகக்கூடாது என்று வாக்குக் கேட்டார். அதற்கும் சரி என்றேன்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். மண்டபத்து வாசலில் ஒரு கார் நின்றால் யாராவது ஒருத்தன் சாவியைப் போடாமல் இருக்க மாட்டான். பேட்டரியைக் கழற்றிவிட்டால் "தள்ளு தள்ளு" என்று நாலு பேர் சேர்ந்து தள்ளியே ஸ்டார்ட் செய்துவிடுவார்கள். அதனால் கியர் லிவரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகிற ராடை அடியில் கழற்றி எடுத்துவிட்டேன். எஞ்சின் ஓடும், லிவர் ஆடும், கியர் விழாது, வண்டி ஓர் அடி நகராது. அதன் பிறகு அந்த வண்டிக்குப் பாலிஷ் போட்டேன். பிணத்துக்குப் பவுடர் பூசுகிற மாதிரிதான் இருந்தது. விடியற்காலையில் ரெக்கவரி வண்டியில் ஏற்றிப் பழனி அடிவாரத்து மண்டபத்தில் இறக்கி, வாசலில் தள்ளி நிறுத்தி, ரோஸ் நிற ரிப்பன் கட்டினோம். உன்னிடமும் தெளிவாகச் சொன்னேன். "அப்பு, வண்டியில இன்னும் வேலை பாக்கி இருக்கு, கை வச்சிராத" என்று தாலி கட்டுவதற்கு முன்னாலேயே காதில் சொன்னேன். தலையை ஆட்டினாய். நீ காதில் வாங்கவில்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும், ஆனாலும் நான் பார்த்த மாதிரி ஒரு தடவை படி. சாப்பாடு முடிந்தது. உன் கூட்டாளிகள் உசுப்பேற்ற, தாம்பாளத்தில் இருந்த சாவியை எடுத்துக்கொண்டு, பவித்ராவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஸ்டார்ட் செய்தாய். நான் பந்தியிலிருந்து எழுந்து ஓடி வருவதற்குள் எஞ்சின் அலறிக்கொண்டிருந்தது. கியர் லிவர் உன் கையில் கஞ்சிக் கரண்டி போலச் சுற்றியது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். எவனோ விசில் அடித்தான். நீ இறங்கி, கதவை அறைந்து சாத்தி, சாவியை அவர் காலடியில் எறிந்தாய். "இந்த ஓட்டை டப்பாவக் குடுத்து ஏமாத்தத்தான் என்னையக் கூட்டியாந்தீங்களா?" என்றாய். அவர் கும்பிட்டார் அப்பு. பெண்ணைக் கொடுத்த மனிதர், சொந்த ஊர்ச் சனம் பார்க்க, உன் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டு, "தப்பு என்ற மேலதானுங்க மாப்பிள்ள" என்றார். பக்கத்தில் அந்தக் குணா, மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டு, "நான் அப்பவே சொன்னேன், இந்த வண்டி ஆகாதுன்னு. மச்சான் எங்க கேக்கறாரு" என்றான். அந்த நிமிஷம்வரை அவனும் யாரிடமோ ஏமாந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் ரத்தம் கொதித்தது. வாயைத் திறந்தேன். வேலுச்சாமி என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார், எலும்பு வலிக்கிற மாதிரி அழுத்தினார். நான் வாயை மூடிக்கொண்டேன். பவித்ரா காருக்குள்ளேயே உட்கார்ந்து தன் அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுவீட்டுக்குப் போனீர்கள், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினீர்கள். தலைதீபாவளிக்கு அவர் அழைத்தபோது லீவு இல்லை என்றாய். பவித்ராவும் உன் பக்கம்தான் பேசினாள் என்று கேள்விப்பட்டேன். புருஷன் வீட்டில் தலைநிமிர்ந்து வாழ வேண்டுமே, பாவம், அவள் வேறு என்ன செய்வாள்? அவர் பொறுக்காமல் துணிமணி, பலகாரம், இரண்டு தார் வாழைப்பழம் என்று சுமந்துகொண்டு கோயம்புத்தூருக்கு வந்தார். நீ கதவைத் திறந்து, பைகளை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "வெளிய கிளம்பிக்கிட்டு இருக்கோம்" என்றாய். உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த வாரமே அவர் ஒர்க் ஷாப்புக்கு வந்து என்னிடம் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. "அம்மிணி கொஞ்சம் எளச்சிருக்குதுங்க. நல்லாச் சாப்பிடச் சொல்லுங்க" என்பதைச் சொல்லத்தான் வந்தார், மற்றது நடுவில் வந்துவிட்டது. "போதும் சம்பந்தி, நான் எம்மகன்கிட்டச் சொல்லிர்றேன்" என்றேன். "சொல்லிப்போடாதீங்க. கோவம் வண்டி மேலதானுங்க, எம் மேல இல்லீங்களே. தணிஞ்சிரும்" என்றார்.

அன்றுதான் அந்த வண்டியை வெட்டினேன். தார்ப்பாயைப் போட்டு மூடி ஷெட்டின் பின்னால் நிறுத்தி வைத்திருந்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "இதை முழுசா விட்டுப்போடாதீங்க. இன்னொருத்தன் பூசி வித்துப்போடுவான், எந்தப் புள்ளைக போயி ஏறுமோ" என்றார். கேஸ் கட்டரைப் பற்றவைத்தேன். பாதி பில்லரைக்கூட வெட்டவில்லை, வண்டி முனகிக்கொண்டு தானாகவே நடுவில் இறங்கிவிட்டது. வெல்டிங் என்று நான் நினைத்ததில் பாதி வெல்டிங்கே இல்லை, கம்பி வலையும் பட்டியும்தான். பட்டி தூள்தூளாகக் கொட்டியது. அவர் கல்யாணத்தன்று பவித்ரா உட்கார்ந்திருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "அம்மிணி உள்ள இருந்திருந்தா" என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன். அதுதான் நான் அவரை உயிரோடு கடைசியாகப் பார்த்தது.

வயலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர் வரப்பிலேயே விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் போய்விட்டார். துக்க வீட்டுக்கு நீ வந்தாய், வராமல் இல்லை. கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஷூவைக்கூடக் கழற்றாமல் போனைப் பார்த்துக்கொண்டு நின்றாய். மருமகன் எங்கே என்று பெரியவர்கள் தேடினார்கள். நீ நகரவில்லை. குணாதான் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஓடியாடினான். எடுக்கிற நேரத்தில் பவித்ரா அவர் நெஞ்சின் மேல் விழுந்து, "எதுக்குப்பா அப்படிச் செஞ்சீங்க, எதுக்குப்பா அப்படிச் செஞ்சீங்க" என்று கதறினாள். இப்படித் திடீரென்று விட்டுவிட்டுப் போனதைத்தான் சொல்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியும். பதில் தெரிந்த ஒரே ஆள் நான், அவர் தலைமாட்டில் ஊமை மாதிரி நின்றுகொண்டிருந்தேன். கொடுத்த வாக்கு முக்கியமா, அந்தப் பிள்ளையின் அழுகை முக்கியமா என்று எனக்கு அப்போது பிடிபடவில்லை. இப்போது பிடிபடுகிறது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

உன்னைக் குத்திக்காட்டுவதற்காக மட்டும் இதை எழுதவில்லை. குத்துகிறேன்தான், இல்லை என்று சொல்லவில்லை. பிள்ளை பெற்றவன் என்கிற முறையில் எனக்கும் அதில் பங்கு இருக்கிறது. உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். கோபம் வந்தால் வரட்டும், ஆனால் கோபத்தை எடுத்து எதிரே நிற்கிறவன் தலையில் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு வார்த்தை விசாரி. ஒர்க் ஷாப்பில் வண்டி வந்தால் நான் ஸ்பேனரை எடுப்பதில்லை, முதலில் வாயைத்தான் திறப்பேன், எப்போதிருந்து, எந்த நேரத்தில், எப்படிச் சத்தம் என்று. இருபது வருஷம் அதைப் பார்த்து வளர்ந்தாய். பவித்ராவிடம் பேசும்போது எதையும் பூசாதே. நீ சும்மா சொன்ன அந்தக் கார்ப் பேச்சிலிருந்து ஆரம்பி. குணாவின் பெயரையும் மறைக்காதே. அவனை என்ன செய்வது என்பது அவளும் அவள் அம்மாவும் முடிவு செய்துகொள்ளட்டும், அதில் நீ மூக்கை நுழைக்காதே. அவள் அழுவாள், உன்னை அடித்தாலும் அடிப்பாள். வாங்கிக்கொள். எழுந்து போய்விடாதே, போனை எடுக்காதே, பக்கத்திலேயே உட்கார்.

இன்றே சொல்ல வேண்டும் என்று நான் ஏன் அவசரப்படுத்துகிறேன் என்றால், காலையில் பவித்ரா எனக்குப் போன் செய்தாள். நீ ஆபீஸ் கிளம்பிய பிறகு பேசினாள் போல. சாப்பிட்டீங்களா, அத்தை எப்படி இருக்காங்க என்று கேட்டாள். பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள். "மாமா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணுங்க. அந்தக் கார்ல அப்படி என்னதானுங்க கோளாறு?" என்றாள்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தக் காரைப் பற்றி எத்தனை பேர் எத்தனை பேச்சுப் பேசியிருப்பார்கள்! வேலை பார்த்த மெக்கானிக்கிடம் வந்து, என்ன கோளாறு என்று கேட்டவள் அவள் ஒருத்திதான். நான் பெற்று வளர்த்த பிள்ளை, நீ கேட்கவில்லை. நானே சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் அது உன் வாயிலிருந்து வர வேண்டிய வார்த்தை. சாவியை எறிந்தவன் நீதான்.

"சாயங்காலம் அவன் வந்து சொல்லுவாம்மா" என்றேன். "அவருக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டாள். "அதுக்குள்ள தெரிஞ்சிரும்மா" என்றேன். சரிங்க மாமா என்று வைத்துவிட்டாள். இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. கிளம்பு.

அப்பா